நாய் உள்ள வீட்டில் கிறிஸ்துமஸ் அலங்காரம்: எது நடந்தால் என்ன செய்வது

டிசம்பர் வந்தால் நாய் வளர்க்கும் நண்பர்களிடமிருந்து எனக்கு வரும் போன்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். மரத்தைச் சாய்த்துவிட்டது, பந்தைக் கடித்துவிட்டது, ரிப்பனைக் காணோம். கடைசியில் கேட்பதும் ஒன்றுதான்: "இப்போ நல்லாத்தான் இருக்கு, காலையில பார்த்துக்கலாமா?" நாயின் முகத்தைப் பார்த்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. உள்ளே என்ன போனது, எவ்வளவு போனது, எப்போது போனது என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கீழே உள்ளதெல்லாம் அந்தக் கணக்கில் எழுதியது. உங்கள் வீட்டில் நடப்பது எந்தத் தலைப்போ நேராக அங்கே போங்கள். ஒவ்வொன்றிலும் சுலபமான காரணம் முதலில், செலவு வைக்கும் காரணம் கடைசியில்.

## படிப்பதை விட்டுவிட்டு உடனே கிளம்ப வேண்டியவை

- மூச்சுவிடச் சிரமப்படுகிறது, அல்லது ஈறு வெளிறியோ நீலம் பாய்ந்தோ இருக்கிறது
- வலிப்பு, மயக்கம், குடித்தவன்போலத் தள்ளாட்டம்
- வயிறு உப்பியிருக்கிறது, குமட்டிக் குமட்டிப் பார்க்கிறது, ஒன்றும் வெளியே வரவில்லை
- பட்டன் பேட்டரி விழுங்கிவிட்டது, அல்லது விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம்
- மின்சாரம் தாக்கியது

ஈறு பார்ப்பது எளிது. மேலுதட்டைத் தூக்கி, கோரைப்பல்லுக்கு மேலே ஈறை விரலால் அழுத்தி எடுங்கள். அழுத்திய இடம் வெளுத்து, 2 விநாடிக்குள் இளஞ்சிவப்புக்குத் திரும்ப வேண்டும். சில நாய்களுக்கு ஈறே கறுப்பாக இருக்கும்; அவற்றுக்குக் கீழ் இமையை லேசாக இழுத்து உட்புற நிறத்தைப் பாருங்கள். நாய் நன்றாக இருக்கும் ஒரு நாளில் இதைச் செய்து பார்த்து வைத்துக்கொண்டால்தான் அவசரத்தில் வித்தியாசம் தெரியும்.

அப்புறம், 24 இரவும் 25ஆம் தேதியும் எந்தக் கால்நடை மருத்துவமனை திறந்திருக்கும் என்று மரத்தை வெளியே எடுக்கும் அன்றே விசாரித்து, எண்ணைக் குளிர்சாதனப்பெட்டிக் கதவில் ஒட்டிவிடுங்கள்.

## மரம் ஆடுகிறது, சாய்கிறது

நாயின் தோள் உயரத்தில் மரத்தை ஒரு கையால் தள்ளிப் பாருங்கள். அந்தத் தள்ளலுக்கே ஆடினால் நாயைத் திட்டிப் பயனில்லை.

மரம் நாயின் பாதையில் நிற்கிறதா? வாசலுக்கும் ஜன்னலுக்கும் ஓடும் வழியிலோ, அது வழக்கமாகப் படுக்கும் மூலையிலோ மரத்தை வைத்துவிட்டு, பிறகு நாய் இடிக்கிறது என்று புகார் சொல்பவர்கள் நிறைய. படுக்கையை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு மரத்தை வேறு மூலைக்கு நகர்த்துங்கள். பாதிப் புகார் அதிலேயே தீரும்.

புதுசு என்பதால் ஆர்வமா? அலங்காரம் எதுவும் இல்லாமல் வெறும் மரத்தை இரண்டு மூன்று நாள் நிறுத்தி வையுங்கள். மோந்து பார்த்துச் சலித்துப் போகட்டும். பிறகு விளக்கு, அதற்குப் பிறகு மற்றது.

ஸ்டாண்ட் லேசா? அடியில் மணல் மூட்டை வைத்துத் துணியால் சுற்றி மறையுங்கள். பஞ்சால் மறைக்க வேண்டாம்; பனிக்காக விரிக்கும் அந்தச் செயற்கைப் பஞ்சை விழுங்கும் நாய்கள் உண்டு.

இன்னும் ஆடுகிறதா? மரத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு மேலே, தண்டில் தூண்டில் நரம்பைக் கட்டி, இரண்டு பக்கமும் விரித்து, சுவரில் அடித்த இரண்டு கொக்கிகளில் இறுக்குங்கள். திரைச்சீலைக் கம்பியில் கட்டினால் மரத்தோடு கம்பியும் வரும். மேஜைமேல் சின்ன மரம் வைப்பதும் நல்ல யோசனைதான். மேஜைவிரிப்பு மட்டும் தொங்கக் கூடாது.

இதெல்லாம் செய்தும் மரத்தின்மேல் பாய்கிறது என்றால் குழந்தைகளுக்கு வைக்கும் தடுப்புக் கேட் வாங்க வேண்டியதுதான். மரத்தடியில் படுத்துக்கொண்டு, கிட்டே போகிறவர்களைப் பார்த்து உறுமுகிறது என்றால் அது வேறு விஷயம். பயிற்சியாளரைக் கூப்பிடுங்கள், அதுவரை குழந்தைகளைத் தள்ளி வையுங்கள்.

## கீழ்க்கிளைப் பந்துகள் காணாமல் போகின்றன

நாம் கலர் பந்து என்று அலங்காரத்துக்குத் தொங்கவிடுகிறோம். நாய்க்கு அது நிஜமாகவே பந்து.

முதலில் மரத்தில் தின்னக்கூடியது ஏதாவது இருக்கிறதா பாருங்கள்: மிட்டாய், பிஸ்கட், சாக்லேட் பொம்மை. இருந்தால் மேல் கிளைக்கு ஏற்றிப் பயனில்லை, எடுத்துவிடுங்கள். வாசனை வரும்வரை நாய் வழி தேடிக்கொண்டேதான் இருக்கும்.

அடுத்தது உயரம். நாய் பின்னங்கால்களில் நின்றால் மூக்கு எங்கே எட்டுகிறதோ அதுவரை கிளைகளைக் காலியாக விடுங்கள். வெறுமையாகத் தெரிகிறது என்றால் அங்கே துணி, மரம், கம்பளியில் செய்தவற்றைத் தொங்கவிடலாம். ஆனால் முழுதாக விழுங்க முடியாத அளவில் இருக்க வேண்டும். கண்ணாடிப் பந்துகள் மேலே. கம்பிக் கொக்கிகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, குட்டையான நூல் வளையத்தால் கிளையோடு கட்டிவிடுங்கள். கொக்கி உதட்டிலும் நாக்கிலும் குத்தி மாட்டிக்கொள்ளும்.

நான்கைந்து மாதக் குட்டி என்றால் பல் முளைக்கும் காலம், எதையும் கடிக்கத்தான் செய்யும். கடிக்கத் தகுந்த பொம்மையைக் கொடுத்து, மரம் இருக்கும் அறையில் தனியாக விடாமல் இருங்கள்.

வாயில் பந்தோடு பிடிபட்டால் என்ன செய்வது? துரத்தாதீர்கள். கத்திக்கொண்டு ஓடினால், பிடுங்கப் போகிறார்கள் என்று அவசரமாக விழுங்கிவிடும். நின்ற இடத்திலேயே அதற்குப் பிடித்த தின்பண்டத்தை எடுத்து, தரையில் இரண்டு மூன்று துண்டு போடுங்கள். குனிந்து தின்ன வாயைத் திறக்கும்போது பந்து விழும். இந்தப் பண்டமாற்றை சாதாரண நாட்களிலேயே "விடு" என்ற சொல்லோடு பழக்கிவிட்டால் பாதி வீட்டுச் சாமானைக் காப்பாற்றலாம்.

இன்னொரு காரியம்: அலங்காரம் முடிந்ததும் மரத்தையும் குடிலையும் நான்கு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். ஏதோ குறைகிறது என்று தோன்றும்போது, எது குறைகிறது என்பதை அந்தப் போட்டோதான் சொல்லும். டாக்டர் கேட்கும் முதல் கேள்வியும் அதுதான்.

## மரத்தடியில் சிறுநீர்

உண்மையான மரம் என்றால் வெளியே உள்ள வாசனையோடு உள்ளே வருகிறது. ஆண் நாய் காலைத் தூக்குவதில் ஆச்சரியம் இல்லை. முதல் நாள் வாரில் பிடித்துக்கொண்டே மோந்து பார்க்க விடுங்கள். கால் தூக்கினால் பேசாமல் வெளியே கூட்டிப் போங்கள். ஏற்கெனவே பெய்துவிட்டால், நாய்ச் சிறுநீருக்கென்று விற்கும் என்சைம் திரவத்தால் துடையுங்கள். அமோனியா கலந்த துப்புரவுத் திரவம் வேண்டாம், அது அதே இடத்துக்குத் திரும்ப அழைக்கும். தரையில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை அன்றே சுவரில் உயர்த்தி மாட்டுங்கள்.

பல வருடமாக வீட்டுக்குள் பெய்யாத நாய், மரத்தடியில் மட்டும் இல்லாமல் கண்ட இடத்திலும் சொட்டுச் சொட்டாகப் பெய்கிறது, அல்லது நிறையத் தண்ணீர் குடிக்கிறது என்றால் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். முக்குகிறது, ஒன்றும் வரவில்லை என்றால் அன்றே டாக்டர்.

## விளக்கு வயரில் கடித்த தடம்

நாயைத் தொடுவதற்கு முன் மெயினை அணையுங்கள். இது எல்லாவற்றுக்கும் முன்னால்.

வயரின் மேலுறையில் மட்டும் பல் தடம், உள்ளே செம்பு தெரியவில்லை, பிளக் சொருகப்படவே இல்லை: வயரைத் தூக்கிப் போடுங்கள். டேப் சுற்றி மறுபடி மாட்டாதீர்கள். புதிதாக வாங்கும்போது அடாப்டரில் ஓடும் குறைந்த வோல்ட் சீரியல் லைட்டாகப் பாருங்கள்; பிளக்கில் நேராகச் சொருகும் மலிவு சரங்களில் வீட்டு மின்சாரம் முழுதாக ஓடலாம். வயரைச் சுவர் ஓரமாக பிளாஸ்டிக் கேசிங்கில் விடுங்கள். ஆள் இல்லாத நேரத்தில் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்கிவிடுங்கள்.

செம்பு தெரிகிறது, மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தது: நாய் வாலாட்டிக்கொண்டு வந்தாலும் டாக்டரிடம் போங்கள். "நல்லாத்தான் இருக்கு" என்ற பேச்சு இந்த இடத்தில்தான் அதிகம் ஏமாற்றும். ஷாக் அடித்த நாய்க்குச் சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கலாம். ஒன்றரை நாள் வரைகூட அது தாமதமாகலாம். வாயில் உதட்டு ஓரம், நாக்கு, அண்ணம் பாருங்கள். வெளுத்தோ பழுப்பாகவோ தழும்பு மாதிரி தெரிந்தால் தீக்காயம். வீட்டுக்கு அனுப்பிய பிறகும், தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை மார்பு ஏறி இறங்குகிறது என்று எண்ணுங்கள். 30க்கு மேல் போய்க்கொண்டே இருந்தால், அல்லது இருமல் தொடங்கினால், திரும்பக் கிளம்புங்கள்.

நாய் வயரைக் கவ்வியபடி விறைத்து நிற்கிறது: மெயின். பிறகுதான் நாய். மெயின் தூரம் என்றால் காய்ந்த மரக்கட்டை அல்லது பிளாஸ்டிக் துடைப்பக் கழியால் வயரைத் தள்ளுங்கள்.

## எதையோ விழுங்கிவிட்டது

நிறையப் பேருக்கு முதலில் தோன்றுவது வாந்தி எடுக்க வைப்பது. டாக்டர் சொல்லாமல் செய்யாதீர்கள். உப்புத் தண்ணீர் புகட்டுவது கூடவே கூடாது, அதுவே விஷமாகும். கண்ணாடி, கொக்கி, பேட்டரி போன்றவை வந்த வழியே திரும்பினால் இன்னொரு முறை கிழிக்கும், இன்னொரு முறை சுடும்.

ஜிகினா, ரிப்பன், பலூன் நூல்: பார்க்க அற்பம், ஆனால் எனக்கு இதில்தான் பயம் அதிகம். ஒரு முனை இரைப்பையில் மாட்டிக்கொண்டு மறுமுனை குடலுக்குள் போனால், பாவாடை நாடாவை இழுத்தால் துணி சுருங்குவதுபோலக் குடல் அதன்மேல் சுருங்கிக்கொள்ளும். பிறகு அந்த நாடாவே குடல் சுவரை அறுக்கும். எனவே வாயிலோ பின்பக்கத்திலோ நுனி தொங்கினால் இழுக்காதீர்கள். அப்படியே டாக்டரிடம் கொண்டுபோங்கள், வழியில் நக்க விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்றால் ஒன்றும் இல்லை என்று அர்த்தம் இல்லை. ஜிகினாவும் பிளாஸ்டிக்கும் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. வாந்தி நிற்கவில்லை என்றால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பற்றிக் கேளுங்கள். அறுவை சிகிச்சை வரை போகக்கூடியது இது. மரத்தில் ஜிகினா போடாமல் இருப்பதுதான் மலிவான வைத்தியம்.

கண்ணாடிப் பந்து: தரையில் கிடக்கும் துண்டுகளைச் சேர்த்து, பாதி பந்து குறைகிறதா அல்லது நுனி மட்டுமா என்று பாருங்கள். வாயிலும் பாதத்திலும் வெட்டு இருக்கிறதா பாருங்கள். குறைவது சின்னத் துண்டு என்றாலும் டாக்டரிடம் போனில் சொல்லிவிடுங்கள். வாந்தியில் இரத்தம், தார்போலக் கறுத்த மலம், வயிற்றைத் தொட்டால் முனகல் எது வந்தாலும் நேரில் போங்கள்.

பட்டன் பேட்டரி: பாட்டு பாடும் வாழ்த்து அட்டை, மின்னும் பொம்மை, சின்ன ரிமோட் எல்லாவற்றிலும் இது இருக்கும். உணவுக்குழாயில் நின்றுவிட்டால் 2 மணி நேரத்துக்குள் சதையைப் பலமாகச் சுட்டுவிடும். காத்திருக்க வேண்டாம். திருகாணி போட்டு மூடும் பேட்டரிப் பெட்டி உள்ளதை மட்டும் வாங்குங்கள்.

உப்பும் மாவும் பிசைந்து செய்த பொம்மை: குழந்தைகள் செய்து வண்ணமடித்துத் தொங்கவிடுவார்கள். நாய்க்கு அது உப்பு பிஸ்கட். ஒன்றிரண்டு தின்றாலும் சின்ன நாய்க்கு உடலில் உப்பு ஏறி, வாந்தி, தணியாத தாகம், தள்ளாட்டம், வலிப்பு என்று போகும். தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட்டு உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

பாலியூரிதேன் பசை: குடில் செய்யும்போது மூடாமல் வைத்த பசைக்குப்பி. நுரைத்துப் பெருகி ஒட்டும் வகைப் பசை வயிற்றுக்குள்ளும் அப்படியே பெருகி, கெட்டிக் கட்டியாகிவிடும். நக்கியது கொஞ்சம்தான் என்று விடாதீர்கள்.

பனி பொழியும் கண்ணாடி உருண்டை உடைந்து, தண்ணீரை நக்கியது: சில உருண்டைகளில் எத்திலீன் கிளைக்கால் கலந்திருக்கும், இனிப்பாக இருக்கும், நாய் விரும்பி நக்கும். முதலில் குடித்ததுபோலத் தள்ளாடும். பிறகு தேறிவிட்டதுபோலத் தெரியும். அதற்கப்புறம் சிறுநீரகம் போகும். மாற்று மருந்து உண்டு, ஆனால் முதல் சில மணி நேரத்தில் கொடுத்தால்தான் வேலை செய்யும். இடையில் தெரியும் அந்தத் தெளிச்சியை நம்பக் கூடாது.

## மரத்தடிப் பரிசைப் பிரித்துத் தின்றுவிட்டது

பரிசுத் தாள் நாய்க்கு மறைப்பே இல்லை, உள்ளே இருப்பது மூக்குக்குத் தெரியும். தின்னும் பொருள் உள்ள பொட்டலத்தை மரத்தடியில் வைக்காதீர்கள். தின்றுவிட்டால் உறையைத் தேடி எடுங்கள், என்ன, எவ்வளவு என்பது அதில் இருக்கும். நாயின் எடையும் தெரிந்திருக்க வேண்டும்.

சாக்லேட்: நாயைக் கெடுப்பது அதில் உள்ள தியோபுரோமின் என்ற பொருள். நாயின் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் போனால் வாந்தி, பேதி, துறுதுறுப்பு. 40, 50 என்று ஏறினால் இதயம். 60க்கு மேல் வலிப்பு. மில்க் சாக்லேட்டில் 1 கிராமுக்குச் சுமார் 2 மில்லிகிராம் இருக்கும். டார்க்கில் 5, அதற்கு மேலும். இனிப்பே இல்லாத சமையல் சாக்லேட்டில் 14, 15 வரை. ஆக 10 கிலோ நாய் 100 கிராம் மில்க் சாக்லேட் தின்றால் எல்லையில் நிற்கிறது. அதே அளவு டார்க் தின்றால் ஆபத்துக்குள் போய்விட்டது. அறிகுறி தெரிய 6 முதல் 12 மணி நேரம் ஆகலாம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்கப் போனால், எழும்போது நிலைமை முற்றியிருக்கும்.

உலர் திராட்சை போட்ட கேக்: இதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. ஒரு நாய் கைப்பிடி தின்றும் தப்பிக்கும், இன்னொன்றுக்குக் கொஞ்சத்திலேயே சிறுநீரகம் செயலிழக்கும். இரண்டு மூன்று நாளில் தெரியவரும்போது தாமதமாகிவிட்டிருக்கும். எவ்வளவு தின்றாலும் உடனே டாக்டர்.

சர்க்கரையில்லாத சூயிங்கம், மிட்டாய்: பொருள் பட்டியலில் சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் இனிப்பு) என்றிருந்தால் டாக்டரிடம் ஓடுங்கள். அரை மணி நேரத்துக்குள்ளேயே இரத்தச் சர்க்கரை சரியலாம், கல்லீரலும் பாதிக்கப்படலாம்.

## வாந்தி எடுக்கிறது, என்ன தின்றது என்று தெரியவில்லை

போட்டோவை எடுத்து மரத்தோடு ஒப்பிடுங்கள். குப்பைக்கூடையையும் பாருங்கள். மரத்தொட்டித் தண்ணீரைக் குடித்ததா? ஊறிப்போன தண்ணீரும் அதில் கலக்கும் உரமும் வயிற்றைக் கலக்கும். தொட்டியை மூடி வையுங்கள். செடியைக் கடித்ததா? சிவப்பு இலைப் பாயின்செட்டியாவைப் பற்றி ஊரெல்லாம் பயம், ஆனால் அது பெரும்பாலும் எச்சிலும் ஒரு வாந்தியுமாக முடியும். அமரில்லிஸ் கிழங்கும் மிசில்டோவும் அதைவிட மோசம்.

ஒரு முறை வாந்தி, பிறகு சுறுசுறுப்பாகத் திரிகிறது, எதுவும் காணாமல் போகவில்லை என்றால் சில மணி நேரம் சாப்பாட்டை நிறுத்தி, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்க்கலாம். மறுபடி மறுபடி எடுக்கிறது, இரத்தம் தெரிகிறது, சோர்ந்து கிடக்கிறது, குட்டி அல்லது வயதான நாய் என்றால் டாக்டர். விருந்தினர் கொடுத்த கொழுப்பான இறைச்சிக்குப் பிறகு, முன்னங்கால்களை நீட்டித் தரையோடு மார்பை வைத்து, பின்பக்கத்தை மட்டும் உயர்த்தி நிற்கிறது என்றால் வயிற்றுவலி. கணையம் வீங்கியிருக்கலாம்.

## வாயைத் தேய்க்கிறது, பாதத்தை நக்குகிறது

பெரும்பாலும் பைன் ஊசியிலை. பல்லிடுக்கு, அண்ணம், கால் விரல்களுக்கு நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள். மேலோட்டமாக இருந்தால் ட்வீசரால் எடுக்கலாம். ஒளிரும் குச்சியைக் கடித்திருந்தால் கசப்பு தாங்காமல் நுரை நுரையாக எச்சில் விடும். வாயைத் தண்ணீரால் துடைத்து, கொஞ்சம் சாப்பாடு கொடுத்தால் சரியாகும். ரோமத்தில் ஒட்டிய திரவத்தை, இருட்டறையில் எங்கே ஒளிர்கிறது என்று பார்த்துக் கழுவிவிடுங்கள், இல்லாவிட்டால் நக்கி மறுபடி ஆரம்பிக்கும். மாட்டிய கொக்கி, ஆழமாகப் போன கண்ணாடி இரண்டையும் வீட்டில் பிடுங்க வேண்டாம்.

## ஒளிந்துகொள்கிறது, நடுங்குகிறது

அமைதியான அறைக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். அங்கே கால் மணி நேரத்தில் அடங்கினால் காரணம் கூட்டம், பட்டாசு, அல்லது ஆள் கடந்தால் தானாகப் பாடும் பொம்மை. அந்தப் பொம்மையின் பேட்டரியைக் கழற்றுங்கள். நாய்க்கு ஒரு அறை, அதன் படுக்கை, தண்ணீர், மூடிய ஜன்னல் எல்லாவற்றையும் விருந்தினர் வருவதற்கு முன்பே ஏற்பாடு செய்யுங்கள். வந்தபிறகு இழுத்துக்கொண்டு போய் அடைத்தால் அதைத் தண்டனையாக எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு வருடமும் இப்படி என்றால் பதற்றத்துக்கு மருந்து உண்டு. பண்டிகைக்கு முன்பே டாக்டரிடம் கேட்டு, ஒரு சாதாரண நாளில் கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.

அமைதியான அறையிலும் நடுக்கம் நிற்கவில்லை, தசை துடிக்கிறது, நடை தள்ளாடுகிறது என்றால் அது பயம் இல்லை. விழுங்கியது பற்றிய பகுதிக்குத் திரும்புங்கள், போட்டோவைப் பார்த்துக்கொண்டே டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

## அலங்காரத்தைக் கழற்றிய பிறகு

நாயை வேறு அறையில் வைத்துவிட்டுக் கழற்றுங்கள். பந்துகளையும் கொக்கிகளையும் போட்டோவோடு எண்ணிப் பெட்டியில் போடுங்கள். எண்ணிக்கை இடித்தால் சோபாவுக்கு அடியிலும் நாயின் படுக்கைக்கு உள்ளேயும் தேடுங்கள். பெரும்பாலும் படுக்கையில்தான் கிடைக்கும். தரையை வேக்குவம் போட்டபிறகு ஈரத்துணியால் ஒரு முறை துடையுங்கள், நுண்ணிய கண்ணாடித்தூள் அதில்தான் வரும். அந்தத் துணியைத் துவைத்து மறுபடி பயன்படுத்தாமல் குப்பையில் போட்டுவிடுங்கள்.